தம்புரா லட்சுமிகாந்தம் ரேடியோவில் வாசித்த சாயங்காலம்

விருதுநகர் முனிசிபல் பூங்காவில் ரேடியோவுக்கு நான்தான் ராஜா. பேர் சங்கையா. வேலைக்குச் சேர்த்தபோது காவல்காரன் என்றுதான் எழுதிக்கொண்டார்கள். ரேடியோ வந்த பிறகு அந்த அறையின் சாவியும் என் இடுப்புக்கு வந்துவிட்டது. சாயங்காலம் ஐந்தரைக்குத் திறப்பேன், ஒன்பதுக்குச் சாத்துவேன். நடுவில் எந்த நிலையம், எவ்வளவு சத்தம் என்பதெல்லாம் என் இஷ்டம். சினிமாப் பாட்டுக்காக இலங்கைக்குத் திருப்பச் சொல்லி ஒரு கூட்டம் தினமும் ஜன்னலுக்கு வெளியே நின்று கெஞ்சும். வாரத்தில் இரண்டு நாள் விட்டுக்கொடுப்பேன். மற்ற நாளெல்லாம் திருச்சிதான். கச்சேரி பிடிக்காதவன் வீட்டுக்குப் போய்த் தூங்கட்டும் என்று விரட்டிவிடுவேன்.

பதினோரு வருஷம் இப்படிக் கேட்டுக் கேட்டு, சங்கீதத்தில் எனக்குத் தெரியாதது இல்லை என்று ஒரு மண்டைக்கனம் எனக்கு ஏறியிருந்தது. ஒரு ராகம் தொடங்கி நாலு மூச்சு விடுவதற்குள் பேரைச் சொல்லிவிடுவேன். இது மண்டைக்கனம்தான் என்பது பிற்பாடு தெரிந்தது.

லட்சுமிகாந்தம் எங்கள் ஊர் வத்தல் கமிஷன் கடை ஒன்றில் மூட்டை தைக்கிறவன். மிளகாய் வத்தலைச் சாக்கில் திணித்து, ஏறி மிதித்து, வாயைக் கோணி ஊசியால் தைத்து அடுக்க வேண்டும். சின்ன வயசில் பஜனை மடத்தில் அருமையாகப் பாடுவானாம். பத்து வருஷத்து வத்தல் நெடி தொண்டையைத் தின்றுவிட்டது. வாயைத் திறந்தால் கரகரவென்று தகரத்தை இழுக்கிற மாதிரி இருக்கும். பாட்டு போனதில் அவனுக்கு உள்ளூர அழுகை உண்டு, வெளியே காட்டமாட்டான். காது மட்டும் கெடாமல் இருந்தது.

அவன் கல்யாணத்துக்கு முந்தின வருஷம், மாரியம்மன் கோவில் பங்குனிப் பொங்கலுக்குக் கும்பகோணத்திலிருந்து ஒரு பாகவதர் பாட வந்தார். அவருக்குத் தம்புரா போடுகிறவருக்கு மேடை ஏறும் நேரத்தில் குளிர் காய்ச்சல் கண்டுவிட்டது. பஜனை மடத்தில் தம்புரா மீட்டிப் பழகினவன் என்று யாரோ லட்சுமிகாந்தத்தைப் பிடித்து மேடைக்குத் தள்ளினார்கள். மூன்று மணி நேரம் கண்ணை மூடி அசையாமல் உட்கார்ந்து மீட்டினான். கச்சேரி முடிந்ததும் பாகவதர் அவன் விரல்களைப் பிடித்துப் பார்த்து, சாக்கு தைக்கிற கையா இது என்று கேட்டாராம். அதிலிருந்து அவர் தெற்கே பாட வரும்போதெல்லாம் இவனுக்கு ஒரு கார்டு வரும். கோவில்பட்டி, தென்காசி, திருநெல்வேலி என்று ரயிலேறிப் போய், மறுநாள் வந்து பழையபடி மூட்டை தைப்பான்.

தம்புரா என்றால் என்ன வேலை என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாடுகிறவருக்கு முதுகுப்பக்கம் உட்கார்ந்து, ஆரம்பம் முதல் மங்களம் வரை நாலே தந்தியை ஒன்றன்பின் ஒன்றாக விரலால் வருடிக்கொண்டே இருக்க வேண்டும். ராகம் கிடையாது, தாளம் கிடையாது, ஒரு கைதட்டும் கிடையாது. அந்த நாதத்தின்மேல்தான் பாடகர் நிற்கிறார். அது பிசகினால் எல்லாம் பிசகும், சரியாக இருந்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். எங்கள் வத்தல் பேட்டைக்காரர்களுக்கு இதெல்லாம் விளங்குமா? "பாகவதருக்கு முதுகு சொறிஞ்சுட்டு வாரான்" என்றுதான் பேசிக்கொள்வார்கள். லட்சுமிகாந்தம் சிரித்துக்கொண்டே போய்விடுவான். அவன் பெண்டாட்டி பஞ்சம்மாளுக்குத்தான் சுருக்கென்று தைக்கும்.

பஞ்சம்மாளும் அதே கடையில் வத்தல் காம்பு கிள்ளுகிறவள். கல்யாணமாகி ஒன்பது வருஷம். இந்த ஒன்பது வருஷத்தில் புருஷன் வாசித்து அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. தம்புரா பாகவதருடையது, வீட்டில் ஏது? கச்சேரியெல்லாம் வெளியூரில், ராத்திரியில். மூன்று பிள்ளைகளையும் மாமியாரையும் போட்டுவிட்டு அவள் எங்கே போவது? ரயிலேறிப் போகிற மனுஷன் அங்கே போய் என்ன செய்கிறான் என்பது அவளைப் பொறுத்தவரை மற்றவர்கள் வாயிலிருந்து கேட்ட சமாசாரம்தான்.

ஐம்பத்தொன்பதில், புரட்டாசி மாதத்தில், கார்டு திருச்சியிலிருந்து வந்தது. வருகிற வியாழக்கிழமைக்கு அடுத்த வியாழன் சாயங்காலம் ஏழரை முதல் எட்டரை வரை பாகவதருக்கு ரேடியோவில் கச்சேரி. நிலையத்திலேயே தம்புராவுக்கு ஆள் உண்டு, ஆனால் பாகவதர் பிடிவாதமாக இவனைத்தான் கேட்டிருக்கிறார். கார்டு வந்த அன்று சாயங்காலமே பஞ்சம்மாள் என் ஜன்னலுக்கு வந்து நின்றாள். பூங்காவுக்குப் பொம்பளைகள் வந்தால் பிள்ளைகளுக்கு ஊஞ்சல் ஆட்டத்தான் வருவார்கள். ரேடியோ ஜன்னலுக்கு வந்த முதல் பொம்பளை அவள்.

"அண்ணாச்சி, இதுல எது அவுக சத்தம்?" என்று கேட்டாள்.

உள்ளே அப்போது யாரோ மோகனம் பாடிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது வேற ஆளு தாயி. ஒம் புருசன் அடுத்த வாரம்தான் வருவான்."

"அது தெரியும். அவுக வாசிக்கப்போற சாமான் இதுலயும் இருக்கும்ல? அது எதுன்னு காட்டுங்க. பழகிக்கிடுதேன். அன்னைக்குத் தேடிக்கிட்டு இருக்க முடியுமா?"

பாட்டைக் கேட்க வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பாட்டைத் தள்ளிவிட்டு அதன் அடியில் இருப்பதைக் கேட்கப் பழகுகிறேன் என்று வந்தவள் இவள் ஒருத்திதான். பாடகர் மூச்சு வாங்குகிற இடத்தில் கையைத் தூக்கிக் காட்டினேன். "இந்தா, இப்ப கேளு. யாரும் பாடல, பிடில் நிக்கிது, ஆனா ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்குல்ல?" என்றேன். அவள் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். கேட்டதா கேட்கவில்லையா என்று சொல்லாமல் போய்விட்டாள்.

மறுநாள் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். கடை விட்டு நேரே வருவாள். வத்தல் காரம் ஏறிய கைகளை முந்தானையில் படாமல் தள்ளிப் பிடித்தபடி, ஒலிபெருக்கி கட்டிய கம்பத்துக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்வாள். மேற்கே வத்தல் களங்களில் வெளிச்சம் செம்மண்ணாக இறங்கும். பேட்டையிலிருந்து வருகிற காற்றில் நெடி கலந்திருக்கும், உட்கார்ந்திருக்கிற எல்லோரும் முறை வைத்துத் தும்முவோம். அப்புறம் காற்று நிற்கும். செக்கடி மாடுகளை ஓட்டிக்கொண்டு போகிறவர்கள்கூட வேலியோரம் நின்று ஒரு நிமிஷம் கேட்டுவிட்டுப் போவார்கள். விளக்குக் கம்பத்தில் பூச்சி மொய்க்கத் தொடங்கும். கச்சேரி நடக்கிற அந்த நேரத்தில் எங்கள் ஊர் எங்கள் ஊர் மாதிரியே இருக்காது. மூட்டையும் தராசும் கூச்சலும் எங்கோ தூரத்து ஊரில் நடப்பதுபோல் ஆகிவிடும். எனக்கே ரேடியோ அறையில் உட்கார்ந்தபடி கண் சொக்கிப்போகும். விழித்துப் பார்த்தால் பஞ்சம்மாள் அதே சாய்ந்த தலையோடு இருப்பாள்.

ஐந்தாம் நாள் ஜன்னலுக்கு வந்தாள். "அண்ணாச்சி, நாலு இருக்கு," என்றாள்.

"என்ன நாலு?"

"தந்தி. மொதல்ல ஒண்ணு தனியா வருது, பொறவு ரெண்டு ஒண்ணுபோல வருது, கடைசியா ஒண்ணு அடி வயித்துலருந்து வருது. திரும்ப மொதல்ல இருந்து."

நான் சொல்லிக்கொடுக்காதது அது. எனக்கு அதுவரை அது மொத்தமாக ஓர் இரைச்சல்தான். பெரிய வித்துவான் மாதிரி, "அதேதான்" என்று தலையாட்டி வைத்தேன்.

இதற்குள் சேதி ஊருக்குள் பரவிவிட்டது. முதுகு சொறிகிறவன் என்று சொன்ன வாய்களே, "நம்ம லட்சுமிகாந்தம் ரேடியோவுல வாரானாம்லே" என்று பேச ஆரம்பித்தன. அவன் பேரை ரேடியோவில் சொல்வார்கள், அதைக் காதால் கேட்டுவிட வேண்டும் என்பது எல்லோருக்கும் ஒரு வெறியாகிவிட்டது. பஞ்சம்மாளின் அண்ணன் இருளாண்டி தாயில்பட்டியில் வெடிக் கம்பெனியில் திரி வைக்கிறவன். தீபாவளி சீசன், லீவு கிடைக்காத நேரம். எப்படியோ சொல்லிவிட்டு, பெரிய சரவெடி ஒன்றைத் தோளில் சுற்றிக்கொண்டு வந்து இறங்கினான். அவர்கள் பக்கம் காது குத்தினாலும் வெடி, பஸ் முதல் தடவை ஊருக்குள் வந்தாலும் வெடி. மச்சான் பேர் ரேடியோவில் வருகிறது, வெடி இல்லாமல் எப்படி?

"பாட்டு கேக்க வந்துருக்கு சனம். நடுவுல வெடிச்சுத் தொலைக்காத," என்று நான் கறாராகச் சொன்னேன்.

"நடுவுல எதுக்கு? பேரு சொல்லும்போது மட்டும்தான் அண்ணாச்சி. நம்ம திரி, நாலு எண்ணுறதுக்குள்ள பத்திக்கிடும். சரியா அந்தப் பேரு வர்ற நேரத்துல மொத வெடி விழும் பாருங்க," என்றான். தொழில்காரன் பேச்சு. எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, ஒத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை ஆறு மணிக்கே பூங்கா நிறைந்துவிட்டது. பேட்டையில் எடை போடுகிறவர்கள் மொத்தமாக வந்திருந்தார்கள். மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர் ஜெபராணியம்மாகூட நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஏழு மணிக்கு ஒரு பேராசிரியரின் பேச்சு. பழைய அளவைகளும் புதிய அளவைகளும் என்று தலைப்பு. வேறு நாளாக இருந்தால் பேச்சு வந்ததும் பாதிப் பேர் எழுந்து பீடி குடிக்கப் போவார்கள். அப்போதுதான் வீசையை எடுத்துவிட்டுக் கிலோவைக் கொண்டுவந்து எங்கள் ஊரையே குழப்பியிருந்தார்கள், அதனால் ஒருவரும் நகரவில்லை. படி, உழக்கு, ஆழாக்கு என்று பேராசிரியர் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனார். ஓர் இடத்தில் மரக்கால் கணக்கில் அவர் ஏதோ சொல்ல, எடைக்காரர்கள் கொதித்துவிட்டார்கள்.

"அது அவுக ஊரு மரக்காலு. நம்ம மரக்கால அந்த ஆளு பாத்துருக்காரா?" என்று ஒருவர் ஒலிபெருக்கியைப் பார்த்துக் கத்தினார். பேராசிரியர் அசராமல் அடுத்ததற்குப் போய்விட்டார். பேச்சு முடிந்த பிறகும் சண்டை ஓயவில்லை. ஏழரை அடித்ததும்தான் அடங்கியது.

இருளாண்டி சரவெடியை வேலிக் கல்லில் தொங்கவிட்டு, ஊதுபத்தியைக் கொளுத்திக் கையில் பிடித்துக்கொண்டான். அறிவிப்பாளர் அம்மா குரல் வந்தது. பாகவதர் பேரைச் சொன்னார். பிடில்காரர் பேர். மிருதங்கக்காரர் பேர். இருளாண்டி திரியை எட்டிப் பிடித்தான். அதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது.

கூட்டம் திருதிருவென்று விழித்தது. "எங்கலே பேரு?" என்று முணுமுணுப்பு. சிலர் பஞ்சம்மாளைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார்கள். "முடியும்போது இன்னொரு தடவை சொல்லுவாங்கல்லே, பொறுங்க!" என்று ஜன்னல் வழியே அதட்டினேன். இருளாண்டி ஊதுபத்தியை அணைக்காமல் வைத்துக்கொண்டான்.

அப்புறம் ஒரு மணி நேரம் என்ன நடந்தது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பாகவதர் ஒரு சின்ன உருப்படியைப் பாடி முடித்து, கல்யாணியை எடுத்தார். பேருக்காக வந்த கூட்டம், வெடிக்காக வந்த கூட்டம், எல்லாம் வாயை மூடிக்கொண்டது. புல்தரையில் பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தூங்கிவிழுந்தன. நிலா வேப்பமரத்துக்குமேல் வந்து நின்றது. பாடுகிறவர் திருச்சியில் இருக்கிறார், பாட்டு எங்கள் மரத்து இலைகளுக்குள்ளே இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. நான் அறையை விட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். இருளாண்டி மூன்றாவது ஊதுபத்தியைக் கொளுத்தியிருந்தான், அவன் கண்ணும் பாதி மூடியிருந்தது. பஞ்சம்மாள் வேப்பமரத்தடியில் அதே இடத்தில். ஒரே ஒரு தடவை அவள் சடாரென்று நிமிர்ந்து, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒலிபெருக்கியைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் பழையபடி சாய்ந்துகொண்டாள். கட்டெறும்பு கடித்திருக்கும் என்று நினைத்தேன்.

மங்களம் பாடி முடித்தார். நான் உள்ளே ஓடிப்போய்ப் பெட்டியில் காதை வைத்தேன். "இதுவரை நீங்கள் கேட்டது" என்று அறிவிப்பாளர் ஆரம்பித்தார். பாகவதர் பேர், பிடில்காரர் பேர். "மிருதங்கம்" என்ற சொல் வாயை விட்டு வந்ததும் இருளாண்டி திரியில் பத்தியை வைத்தான். அவன் சொன்னது சொன்னபடி, மிருதங்கக்காரர் பேர் முடிய, முதல் வெடி விழுந்தது. அப்புறம் பூங்காவே பிளந்தது. தூங்கின பிள்ளைகள் அலறின. மரத்துக் காக்கைகளெல்லாம் கிளம்பின. கூட்டம் விசிலடித்துக் குதித்தது. புகையில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை.

அந்தச் சத்தத்தில் பேர் கேட்டவன் ஒருத்தனும் இல்லை. பெட்டியில் காதை ஒட்டிவைத்திருந்த எனக்கு மட்டும் கேட்டது. மிருதங்கக்காரருக்குப் பிறகு வேறு பேர் வரவில்லை. அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விட்டார்கள். தம்புராவுக்குப் பேர் சொல்கிற வழக்கமே இல்லை என்பது, பதினோரு வருஷம் கேட்டவன், எனக்கல்லவா முதலில் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்?

ஜன்னலில் நாற்பது முகங்கள் முட்டின. "அண்ணாச்சி, சொன்னாங்களா?"

"சொன்னாங்கல்லே! தம்புரா, விருதுநகர் லட்சுமிகாந்தம்னு கணீர்னு சொன்னாங்க. வெடிய வச்சுக் கெடுத்துட்டீகளே, பாவிகளா!" என்றேன். இவ்வளவு சரளமாக நான் பொய் சொன்னதே இல்லை. இருளாண்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நேரம் பாத்தீகள்ல?" என்று கேட்டு அழுதே விட்டான். பஞ்சம்மாள் அலறி எழுந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் சாயங்கால ரயிலில் லட்சுமிகாந்தம் வந்தான். ஸ்டேஷனிலிருந்து வருகிற வழியெல்லாம் ஆட்கள் அவனை நிறுத்திக் கையைக் குலுக்கியிருக்கிறார்கள். நேரே பூங்காவுக்கு வந்து, பையை வைத்துவிட்டு என் முன்னால் நின்றான்.

"எம் பேரச் சொன்னாங்களாம்ல அண்ணாச்சி?"

"ஆமா, கணீர்னு."

அவன் கரகர குரலில் சிரித்தான். "அறிவிப்புத் தாள நான் பாத்தேன். அதுல மூணு பேருதான்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நல்லதாப் போச்சு. அவளுக்கு ஒரு பெருமையா இருக்கட்டும். அவகிட்ட உள்ளதச் சொல்லிராதீக," என்றான். பிறகு குரலை இறக்கினான். "அண்ணாச்சி, கல்யாணி பாடுனாருல்ல? அதுல ஒங்களுக்கு எதும் பிசகாத் தெரிஞ்சுச்சா?"

"அமிர்தமா இருந்துச்சு. என்ன பிசகு?"

"அங்க பாடுற ரூம்பு ஐசா குளிருது. முறுக்காணி வழுக்கி, மொதத் தந்தி எறங்கிருச்சு. ஒரு மயிரிழைதான். பாகவதரு லேசாத் திரும்பிப் பாத்தாரு. எனக்கு உசுரே போயிருச்சு. வாசிச்சுக்கிட்டே திருகி ஏத்திட்டேன். அவரு ஒண்ணும் கேக்கல, நானும் சொல்லல. ரயிலு பூரா அதே நெனப்பு. வெளிய யாருக்கும் தெரிஞ்சிருக்காதுல்ல?"

"ஒருத்தனுக்கும் தெரியாது," என்றேன். இந்தத் தடவை நான் சொன்னது பொய் இல்லை. ராகத்தின் பேரை நாலு மூச்சில் சொல்கிறவனுக்கு அது தெரியவே இல்லை.

கடை விட்டுப் பஞ்சம்மாள் வந்தாள். அவனைப் பார்த்ததும் நடையை நிறுத்திக்கொண்டாள். அவன் எழுந்து, ஊருக்கெல்லாம் காட்டிய அதே சிரிப்பைக் காட்டினான்.

"என்ன, எம் பேரு கேட்டியா ரேடியோவுல?"

"பேருக்கா போனேன்? பேருதான் எனக்குத் தெரியுமே," என்றாள். அப்புறம் கிட்டே வந்து, மெதுவாகச் சொன்னாள். "அந்த நீளப் பாட்டுல மொதத் தந்தி கொஞ்ச நேரம் நொண்டுச்சே, ஏன்? எனக்கு நெஞ்சே அடச்சுருச்சு. ஒங்களுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு நெனச்சேன்."

லட்சுமிகாந்தத்தின் சிரிப்பு போய்விட்டது. அவளையே பார்த்தான். என்னைப் பார்த்தான். கம்பத்தடியில் அப்படியே உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

பஞ்சம்மாள் பதறிப்போய் அவன் முன்னால் குந்தினாள்.

"எதுக்கு இப்ப அழுவுறீக? அதான் திரும்பப் பிடிச்சுட்டீகள்ல," என்றாள்.